48-க்கு 48 சரியாகத்தான் இருந்தது: பழைய கோல்ஃப் வண்டியோடு பதினோரு மாதம்

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். அதனால் தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 2,97,020 ரூபாய், பதினோரு மாதம். அதில் 58,900 ரூபாய் என் அறியாமைக்கு நான் கட்டிய அபராதம். பழைய பேட்டரி கார் ஒன்றை, அதாவது கோல்ஃப் வண்டியை, வாங்கிச் சரிசெய்து ஓட்டலாம் என்று இறங்கினேன். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. கணவர் மஸ்கட்டில். போனில் கேட்டால் "உனக்குச் சரின்னு பட்டா செய்" என்பார், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பு பெங்களூர் கனகபுரா சாலையில், 18 ஏக்கர். ஒரு கோடியில் எங்கள் பிளாக், மறுகோடியில் பாறை மேல் பிள்ளையார் கோயில். நடுவில் 700 மீட்டர், கடைசி 60 மீட்டர் நல்ல ஏற்றம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு கோயில் நின்றுபோனது. 700 மீட்டருக்கு எந்த ஆட்டோ வரும்? சங்கத்தில் வண்டி வாங்கச் சொல்லிக் கேட்டேன், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். மூன்று கூட்டம் போனது. புதிய நாலு சீட் வண்டிக்கு விலை கேட்டால் நாலரை லட்சத்துக்குக் கீழே யாரும் பேசவில்லை. அப்போதுதான் பிடதி தாண்டி ஒரு ரிசார்ட்டை மூடப்போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் மூன்று வண்டிகள், சீட்டெல்லாம் இலைச் சருகு. "பேட்டரி மட்டும் மாத்துங்க மேடம், பறக்கும்" என்றார் அங்கிருந்தவர். 85,000 ரூபாய். ஒரு அங்குலம்கூட ஓடிப் பார்க்காத வண்டிக்கு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன்.

இன்றைக்கு அதே இடத்துக்குப் போனால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். கையில் ஒரு மல்டிமீட்டரும் டார்ச்சும் இருக்கும். சீட்டைத் தூக்கி, பேட்டரிக்கு அடியில் இருக்கும் தட்டையும் சட்டத்தையும் பார்ப்பேன். பெயின்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆசிட் வழிந்து இரும்பு அப்பளம்போல் உதிர்கிறதென்றால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டியதுதான். கிளப் கார் போன்ற சில வண்டிகளுக்கு அலுமினியச் சட்டம், அவை துருப்பிடிக்காது. ஈஸி-கோ மாதிரி இரும்புச் சட்ட வண்டியில்தான் அதிகம் குனிந்து பார்க்க வேண்டும். வரிசை எண் தகட்டைப் படம் எடுத்துக்கொள்வேன். அது இல்லாமல் பிற்பாடு எந்த உதிரிபாகம் கேட்டாலும் கடைக்காரர் விழிப்பார். முக்கியமாக, எங்காவது நான்கு 12 வோல்ட் கார் பேட்டரியை இரவல் வாங்கித் தொடராக இணைத்து, 48 வோல்ட் வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பேன். பத்தடிக்கு அது போதும். மோட்டாரும், அதற்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரும் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இதை ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். நான் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அதுதான் வினை.

வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்த கதை சுருக்கம். இந்த வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது, பதிவு எண் கிடையாது. சின்ன யானை போதும் என்று டாடா ஏஸ் ஒன்றைக் கூப்பிட்டேன். பின்பக்கம் பார்த்த சீட்டோடு வண்டி இரண்டே முக்கால் மீட்டர் நீளம். டாடா ஏஸின் தொட்டி 2.2 மீட்டர். அரை அடி ஒரு அடி என்றால் கயிறு கட்டிச் சமாளிக்கலாம், அரை மீட்டருக்கு மேல் வெளியே தொங்கினால் எந்த டிரைவர் சம்மதிப்பார்? 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் பெரிய வண்டி, 4,500. டேப் வைத்து அளந்திருந்தால் 1,500 மிச்சம்.

மறுநாள் ஞாயிறு. சீட்டைத் தூக்கினேன். ஆறு 8 வோல்ட் பேட்டரி, டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. மூடிகளைத் திறந்தால் தண்ணீர் இல்லை, தகடுகள் காய்ந்து தெரிந்தன. மீட்டர் வைத்துத் தாளில் எழுதினேன்: 6.2, 6.4, 5.9, 6.3, 2.9, 3.1. கூட்டினால் 30.8. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் நல்ல 8 வோல்ட் பேட்டரி எட்டரையை ஒட்டிக் காட்ட வேண்டும், ஆறும் சேர்ந்தால் 51-க்குப் பக்கம். அந்தக் கடைசி இரண்டு மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ரிசார்ட்டில் விளக்குக்கும் ஹாரனுக்கும் அந்த இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தார்கள். ஆறு பேர் சுமக்க வேண்டியதில் இரண்டு பேருக்கு மட்டும் கூடுதல் மூட்டை. அவை முதலில் சாகும், பிறகு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். விளக்கு வேண்டுமென்றால் மொத்த 48-லிருந்து 12 வோல்ட்டாக இறக்கித் தரும் கன்வெர்ட்டர் 1,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் போடுங்கள்.

கூடவே வந்த சார்ஜரைச் செருகினேன், ஒரு சத்தமும் இல்லை. சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. தானியங்கி சார்ஜர்கள் பல, பேட்டரியில் குறைந்தபட்ச வோல்ட் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். 30.8-ஐ அது பேட்டரியாகவே மதிக்கவில்லை. ஒரு பேட்டரிக் கடைக்காரர் "நாலு நாள் பூஸ்ட் சார்ஜ் போட்டா எழுந்துடும்" என்று ஆறையும் எடுத்துப்போய் 6,000 வாங்கினார். எழுந்தன, ஒரு வாரம். எட்டாவது நாள் கிளப் ஹவுஸ் வாசலிலேயே படுத்துவிட்டன. தகடு வெளியே தெரிந்து மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த லெட் பேட்டரியில் வெள்ளைப் படிவம் இறுகிவிட்டிருக்கும். அதற்குச் செலவழிப்பது வீண். லேசாகக் குறைந்த பேட்டரி என்றால் கதை வேறு. தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, சார்ஜ் ஏற்றி, அதன் பிறகு மீதியை நிரப்ப வேண்டும். முதலிலேயே கழுத்து வரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி ஆசிட் வெளியே வரும்.

அந்த ஆறையும் பழைய சாமான் வாங்கும் குஜிரிக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக 8,000-க்குக் கேட்டார். நான் எடை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். 168 கிலோ, கிலோ 85, ஆக 14,280. ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு, கண்ணெதிரே எடை போடுகிற, முறையாகப் பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் மட்டும் கொடுங்கள். இந்தப் பதினோரு மாதத்தில் நான் புத்திசாலியாக நடந்துகொண்ட ஒரே நாள் அது.

இனிதான் பெரிய பிழை. 48 வோல்ட் வேண்டும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவு). நான்கு வாங்கினால் 48. பழைய பேட்டரிகள் 170 ஆம்பியர் அவர், புதியது 150, பெரிய வித்தியாசமில்லை. பற்று 48, வரவு 48, கணக்கு நேர். நாற்பத்து நான்கு வயதில் என் தொழில் புத்தி என்னை ஏமாற்றியது இப்படித்தான். ஒன்று 15,500 வீதம் நான்கு டியூபுலர் பேட்டரி, 62,000. அவை உயரமானவை, சீட் மூடவில்லை. தட்டை இறக்கி வெல்டிங் வைக்க 3,500. சமதளத்தில் வண்டி அழகாக ஓடியது. அத்தை மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து, வாக்கிங் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தார். ஏற்றத்தில் மட்டும் வண்டி முனகியது. டேஷ்போர்டில் நான் மாட்டியிருந்த சின்ன மீட்டர் 50-லிருந்து 39-க்கு விழும், மேலே போய் நின்றதும் திரும்ப 49 காட்டும். "புது வண்டிதானே, பழகிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது மாதம் ஒரு பேட்டரி வயிறு உப்பிவிட்டது. வாரண்டிக்குப் போனால், வண்டியில் மாட்டியதற்கு வாரண்டி கிடையாது என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நல்லதாக இருந்த மூன்றையும் பக்கத்து பிளாக்கில் வீட்டு உபயோகத்துக்கு 24,000-க்குக் கொடுத்தேன், செத்தது 3,000. தட்டு வெல்டிங்கையும் சேர்த்து 38,500 நஷ்டம்.

இதற்கிடையில் வண்டி நகராமல் போக, ஒரு மெக்கானிக் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு கன்ட்ரோலர் போய்விட்டது, 45,000 ஆகும் என்றார். அன்றிரவு உண்மையாகவே அழுதேன். வண்டியை மூடி வைத்துவிடலாம், யாராவது கேட்டால் விற்றுவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற பெண்தான், அவள் அப்பா பழைய ரேவா வைத்திருந்ததாகவும், அதைப் பார்த்த மெக்கானிக் விவேக்நகரில் இருப்பதாகவும் சொன்னாள். பெங்களூரில் 2001-ல் வந்த அந்தக் குட்டிக் காரும் 48 வோல்ட்தான், எட்டு 6 வோல்ட் லெட் பேட்டரி. அதை வருஷக்கணக்கில் பிரித்து மாட்டிய ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பழைய பேட்டரி வண்டி வைத்திருக்கும் பெங்களூர்வாசிகளுக்கு என்னிடம் இருக்கும் மிகப் பெரிய துப்பு இதுதான்: கார் ஷெட்டுக்கும் போகாதீர்கள், இன்வெர்ட்டர் கடைக்கும் போகாதீர்கள், ரேவா பார்த்தவரைத் தேடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்ப்பவரும் சரி.

அந்த விவேக்நகர் மெக்கானிக்கை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன். அவருக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். வந்ததும் வண்டியைத் தொடவில்லை. என் கையைப் பார்த்து, "வளையலைக் கழட்டிட்டு வாங்க மேடம், கழுத்துச் செயினை உள்ள விட்டுப் பின் குத்திக்குங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தன் பையிலிருந்து ஒரு 13 ஸ்பேனரை எடுத்துக் காட்டினார். வளையப் பக்கம், விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம், சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரே ஒரு முறை, கண் இமைக்கும் நேரம் பட்டதாம். இரும்பே உருகியிருக்கிறது, தங்க வளையல் என்ன ஆகும்? அதற்கு முந்தைய மாதங்களில் நான் கை நிறைய வளையலோடு அந்தப் பேட்டரிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் மொத்தத் தொடரின் மைனஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் ரன் (ஓட்ட), டோ (தள்ள, இழுக்க) என்று ஒரு சுவிட்ச் இருந்தால், ஒயரில் கை வைக்கும் முன்பும் வண்டியைத் தள்ளும் முன்பும் டோவில் வையுங்கள். லெட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், சீட்டைத் தூக்கி வைத்துக் காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். ஆசிட் படிவத்துக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் போதும், நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவலாம். ஆனால் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

கன்ட்ரோலர் நன்றாகவே இருந்தது. ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சும், பச்சை பிடித்த ஒரு கனெக்டரும்தான் கோளாறு. இரண்டுக்கும் சேர்த்து 900 ரூபாய். 45,000 எங்கே, 900 எங்கே! மிதித்தால் 'டக்' என்று சொலினாய்டு, அதாவது பேட்டரி கரண்டை மோட்டார் பக்கம் திறந்துவிடும் பெரிய சுவிட்ச், சத்தம் போடுகிறதா என்று முதலில் கேளுங்கள். சத்தமே வரவில்லையென்றால் பெடல் சுவிட்ச், சாவி, ஒயர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சத்தம் வந்து வண்டி நகரவில்லையென்றால் சொலினாய்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம், அதற்குப் பிறகுதான் கன்ட்ரோலரையும் மோட்டாரையும் சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் சொலினாய்டும் தேய்ந்திருந்தது, 3,600. பேட்டரிகளை இணைக்கும் கேபிள்களை அண்ணன் ஓட்டிவிட்டு வந்து கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது. சுடுகிற இடத்தில் உங்கள் கரண்ட் வீணாகிறது, அவ்வளவுதான் சூத்திரம். எல்லாவற்றையும் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளாக மாற்றி, முனைகளுக்கு அமுக்கி அடித்த லக் (டெர்மினலில் மாட்டும் வளையம்) போட்டார், 5,200. பிரேக் தனிக்கதை. இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். என் வண்டியில் ஷூ ஒட்டிக்கொண்டு, மிதித்தால் பாதிதான் பிடித்தது. 4,800. இதை முதலில் செய்திருக்க வேண்டும். அத்தையை உட்கார வைத்து நாலு மாதம் அந்த பிரேக்கை நம்பி ஏற்றம் இறக்கம் போயிருக்கிறேன்.

இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது வண்டி மாடு மேடம். நாளெல்லாம் மெல்ல நடக்கும். ஓடுன்னா படுத்துடும்." 150 ஆம்பியர் அவர் என்று எழுதியிருப்பது 20 மணி நேரக் கணக்கு, அதாவது தொடர்ந்து 7.5 ஆம்பியர் மட்டும் இழுத்தால். விளக்கும் விசிறியும் அப்படித்தான் இழுக்கும். இந்த வண்டியின் மோட்டார் சமதளத்திலேயே ஐம்பது ஆம்பியரை ஒட்டி இழுக்கிறது. அந்த வேகத்தில் இழுத்தால் 150 கிடைக்காது, பாதியை ஒட்டித்தான் கிடைக்கும், வோல்ட்டும் சரியும். கோல்ஃப் வண்டிக்கென்று வரும் 6, 8 வோல்ட் டீப் சைக்கிள் பேட்டரிகளின் தகடு இதற்காகவே தடிமனாகச் செய்யப்பட்டது. ஏற்றத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து சொல்லுங்கள், அதற்கப்புறம் பேட்டரி பேசலாம் என்றார். சரி என்று எஸ்பி ரோட்டுக்குப் போய்க் கிளாம்ப் மீட்டர் ஒன்றை 1,400-க்கு வாங்கி வந்தேன். கேபிளைச் சுற்றிக் கவ்வ வைத்தால் பூஜ்யம். ஏற்றத்திலும் பூஜ்யம். ஒரு சாயங்காலம் முழுக்க மீட்டரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்த பிறகுதான், அது வீட்டு லைனில் வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டை மட்டும் அளக்கும் மீட்டர் என்று தெரிந்தது. பேட்டரியில் ஓடுவது ஒரே திசையில் போகும் டிசி. மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பலவற்றில் டிசி வோல்ட் அளக்கும் வசதி இருக்கும், டிசி ஆம்பியர் இருக்காது. பெட்டியில் 'டிசி' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள். இன்னொன்று 3,200.

இவ்வளவு சொன்ன பிறகும் அடுத்ததில் எப்படி விழுந்தேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கம். அண்ணனுக்கு அம்மை போட்டு ஒரு மாதம் வரவில்லை. பீன்யா பக்கம் ஒருவர் லித்தியம் பேட்டரி கட்டிக் கொடுக்கிறார், விலை பரவாயில்லை என்று கேள்விப்பட்டு, அளவெடுக்காமலே ஆர்டர் கொடுத்துவிட்டேன். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் பதினாறு, ஒன்று 3.2 வீதம் 51.2 வோல்ட், 105 ஆம்பியர் அவர். 98,000. பழைய 168 கிலோ போய் 50 கிலோவுக்குள் வந்துவிட்டது. பில்லில் "பிஎம்எஸ் 100 ஆம்பியர்" என்று ஒரு வரி. நான் பார்த்தேன், வோல்ட்டைச் சரிபார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பிஎம்எஸ் என்பது செல்களைக் காக்கும் காவல்காரன். அளவுக்கு மேல் கரண்ட் போனால் யாரையும் கேட்காமல் கதவைச் சாத்திவிடும்.

இரண்டு நாள் நான் மட்டும் ஓட்டினேன், ஏற்றத்தில்கூட வேகமாகப் போய் ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் சங்கடஹர சதுர்த்தி. அத்தை, எதிர்வீட்டு மாமி, பின்னால் பிரசாதப் பாத்திரத்தோடு இன்னொருவர். ஏற்றத்தில் பாதி தூரம், சட்டென்று எல்லாம் நின்றது. மீட்டர் அணைந்தது, மோட்டார் சத்தம் இல்லை. ஒரு கணம் வண்டி அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்து, பின்னாடி உருள ஆரம்பித்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். பாத்திரம் கவிழ்ந்து சர்க்கரைப் பொங்கல் ரோட்டில் வழிந்தது. அன்றைக்கு புது பிரேக் ஷூ இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்று வரை யோசிக்கிறேன். மாமி மூச்சே விடவில்லை. அத்தைதான் மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, பிள்ளையார் நம்மள வர வேண்டாங்கறாரா?"

கடைக்காரர் வண்டியில்தான் கோளாறு என்றார். டிசி மீட்டரைக் கேபிளில் கவ்வ வைத்து, இரண்டு 50 கிலோ மணல் மூட்டையை ஏற்றி, தோட்டக்காரரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லி ஏற்றம் ஏறினேன். கிளம்பும்போது 217, பிறகு 160-ஐ ஒட்டி. அதற்குள் மறுபடியும் சாத்திக்கொண்டது. 100 ஆம்பியர்தான் தருவேன் என்று அவர் பில்லிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் என்ன சண்டை போடுவது? 200 ஆம்பியர் பிஎம்எஸ் மாற்ற 18,500. முதலிலேயே கேட்டிருந்தால் 7,000-தான் கூடுதலாம், ஆக 11,500 நஷ்டம். காவல்காரனை மாற்றினால் மட்டும் போதாது, செல்லும் தாங்க வேண்டும். செல்லின் விவரத் தாளைக் கேட்டு வாங்கினேன். தொடர்ந்து என்றால் 105 ஆம்பியர், 30 விநாடிக்கு மட்டும் அதில் இரண்டு மடங்கு. அதனால் ஏற்றத்தில் மூன்று பேர், அதற்கு மேல் ஏற்றுவதில்லை. நாலாவது ஆள் நடந்துதான் வர வேண்டும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். லித்தியம் வாங்குகிறவர்கள் வோல்ட், ஆம்பியர் அவர் இரண்டையும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர், உச்சம் எத்தனை, எத்தனை விநாடிக்கு என்று மூன்றையும் ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கேட்கும் முன் உங்கள் ஏற்றத்தில், உங்கள் சுமையோடு அளந்துவிட்டுப் போங்கள்.

லித்தியம் தொடர்பாக இன்னும் சில. பழைய லெட் சார்ஜரை இதில் செருகவே கூடாது. பதினாறு செல்லுக்கு உச்சம் 58.4 வோல்ட், அதற்கென்று உள்ள சார்ஜர் 11,500 ஆனது. முழு சார்ஜுக்கு ஆறு யூனிட்தான், சங்கத்துக்குத் தனி மீட்டர் வைத்துக் கட்டிவிடுகிறேன். பழைய வோல்ட் மீட்டரை வைத்து மீதி எவ்வளவு என்று கணிக்க முடியாது. எல்எஃப்பி பெரும்பாலான நேரம் 52, 53 என்றே காட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் தடாலென்று விழும். 'ஃபுல்' என்று நம்பி ஒரு நாள் நீச்சல் குளத்தருகே நின்றுபோனேன். போனில் சதவீதம் காட்டும் பிஎம்எஸ் வாங்குங்கள். இறங்கும்போது மோட்டார் பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பித் தரும் வகை வண்டி என்றால், மேட்டின் உச்சியில் முழு சார்ஜ் போட்டு உடனே இறங்க வேண்டாம். நிரம்பிய பேட்டரி வாங்க மறுத்துவிட்டால் மோட்டார் பிடிமானம் போய்விடும். எங்கள் சார்ஜிங் இடம் கீழே, பிள்ளையார் மேலே. இது மட்டும் யோசிக்காமலே சரியாக அமைந்தது.

டயர் 18-க்கு 8.5, ரிம் 8 அங்குலம், ஜேசி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். சீட் தையல் உட்பட 17,900. பஞ்சர் கடைக்காரர் கார் என்று நினைத்துக் காற்று 35 பிஎஸ்ஐ அடித்துவிட்டார், அத்தைக்கு இடுப்பு குலுங்கியது. 20 போதும்.

ரிசார்ட்டில் மீதி இருந்த இரண்டு வண்டியில் ஒன்றைப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெரியவர் வாங்கியிருக்கிறார். போன மாதம் வீட்டுக்கு வந்தார். வண்டிக்கு என்ன பெயின்ட் அடித்தேன், எங்கே அடித்தேன் என்று கேட்கத்தான் வந்தாராம். காபி கொடுத்துவிட்டு, பேட்டரி வாங்கிவிட்டீர்களா என்றேன். "நாலு 12 வோல்ட் சொல்லியிருக்கேன்மா, 48 ஆச்சே, சரியா இருக்கும்ல?" என்றார். எழுந்து போய் டிசி மீட்டரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். அண்ணன் நம்பரையும் கொடுத்தேன். மீட்டர் இன்னும் திரும்பி வரவில்லை.